பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள்: ஜார்க்கண்டில் 12 சதவீதம், தமிழ்நாட்டில் 40. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

#1 துணைநிலைய_அக்கா

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் நடந்தது. வீடு வீடாகப் போய் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் உயரத்தையும் எடையையும் அளந்தார்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. அது 25-ம் அதற்கு மேலும் இருப்பவர்கள், அதாவது அதிக எடை உள்ளவர்கள், நாடு முழுக்க 24 சதவீதம். ஆனால் மாநிலம் மாநிலமாகப் பிரித்தால் அது வேறு கதை. மேகாலயாவில் 11.5, ஜார்க்கண்டில் 11.9, பீகாரில் 15.9. இந்தப் பக்கம் கேரளாவில் 38.1, தமிழ்நாட்டில் 40.4, பஞ்சாபில் 40.8, டெல்லியில் 41.3, புதுச்சேரியில் 46.2.

தமிழ்நாட்டில் இதற்கு முந்தைய சுற்றில் (2015-16) 30.9 இருந்தது. அடுத்த சுற்றுக்குள் கிட்டத்தட்டப் பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது.

நான் டெல்டா பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பிணிகளைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து எடை பார்ப்பது என் வேலையில் ஒன்று. நான் சேர்ந்த புதிதில் 40, 42 கிலோவில் வந்து நிற்கும் பெண்களைப் பார்த்துத்தான் கவலைப்படுவோம். எப்படியாவது பத்து கிலோ ஏற்றிவிட வேண்டும் என்று கீரை, முட்டை, சுண்டல் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இப்போதும் அப்படி வருகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் பதிவிலேயே 62, 68 என்று காட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நாங்கள் சொல்லும் பாடம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு பிஎம்ஐ 25 என்பது 56 கிலோவிலேயே வந்துவிடும். 60 கிலோ இருக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்து நம் வீடுகளில் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். "பூசினாற்போல் இருக்கிறாள், கண் வைக்காதீர்கள்" என்பார்கள். அவளுக்குத்தான் அடுத்த பிரசவத்தில் சர்க்கரை வருகிறது, ரத்த அழுத்தம் வருகிறது, தையல் ஆற நாளாகிறது.

பல ஊர்களில் இருக்கிறவர்கள் இங்கே வருகிறீர்கள். உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பெண்களைக் குறை சொல்லும் பேச்சு மட்டும் வேண்டாம், அதை நாங்கள் நிறையக் கேட்டாயிற்று.

#2 எண்கணக்கு

நல்ல இழை அக்கா. எண்களைப் பற்றி மட்டும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

எல்லா மாநிலத்திலும் வயது ஏற ஏற எடையும் ஏறுகிறது. அதே ஆய்வுப்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. பல வருடமாக இப்படியே இருப்பதால் 15-49 என்ற கூட்டத்தில் அங்கே சின்ன வயதுக்காரர்கள் அதிகம், இங்கே முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் அதிகம். வயதைச் சமன்படுத்திப் பார்த்தால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஆனால் 12-க்கும் 40-க்கும் இடையில் இருப்பது வயதால் மட்டும் வந்துவிடக்கூடிய தூரம் இல்லை.

அப்புறம் நகரம், கிராமம். இந்திய அளவில் நகரத்துப் பெண்களில் 33.2 சதவீதம், கிராமத்தில் 19.7. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மட்டும் எடுத்தால் 35 சதவீதம். நம் கிராமத்துப் பெண், இந்தியாவின் சராசரி நகரத்துப் பெண்ணையே தாண்டிவிட்டாள். "இது பட்டணத்து வியாதி" என்று இன்னமும் பேசுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. இந்தக் கணக்கில் கர்ப்பிணிகளும், பிரசவமாகி இரண்டு மாதத்துக்குள் இருப்பவர்களும் கிடையாது, விலக்கிவிடுவார்கள். ஆகவே வயிற்றுப் பிள்ளையின் எடையும் சேர்ந்துவிட்டது என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

25 என்ற கோடும் நமக்குத் தளர்வானது. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகிறது என்று சொல்லி, 23-லிருந்தே கவனிக்க வேண்டும் என 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னது. இந்தியாவில் பல மருத்துவர்கள் 25-ஐயே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா சொன்ன 150 செ.மீ. பெண்ணுக்கு 23 என்றால் 52 கிலோகூட வராது. அந்தக் கோட்டை வைத்து எண்ணினால் தமிழ்நாட்டில் பாதியைத் தாண்டும்.

#3 ராஞ்சித்_தமிழச்சி

கணவரின் வேலைக்காக ஜார்க்கண்ட் வந்து பல வருடம் ஆகிறது. இங்கே 11.9 என்பதைப் பார்த்து யாரும் இந்த ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆய்வில் இங்கே எடை குறைவான பெண்கள் 26.2 சதவீதம். ரத்தசோகை 65.3. நான்கில் ஒருத்திக்கு உடம்பில் சதையே இல்லை.

ராஞ்சியை விட்டு வெளியே போனால் தெரியும். வாரச் சந்தைக்கு வருகிற பெண்கள் தலையில் கூடையும் முதுகில் பிள்ளையுமாக நடந்தே வருவார்கள். காட்டிலிருந்து விறகு, சால் மரத்து இலை, பிறகு வயல் வேலை. சாப்பாடு என்றால் கஞ்சியோடு சோறு, ஒரு கீரை, உருளைக்கிழங்கு மசியல். பருப்பு தினமும் கிடையாது. உழைப்பு அத்தனைக்கும் அந்தச் சோறு எந்த மூலைக்கு?

ஆனால் ராஞ்சி நகரத்துக்குள், என் அடுக்குமாடியில் இருக்கும் பெண்களுக்கும் மயிலாப்பூரில் இருக்கும் என் அக்காவுக்கும் ஒரே புகார்தான்: இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் இடுப்பு இறங்கவே இல்லை. எண்ணெயில் பொரித்த தின்பண்டம், இனிப்புத் தேநீர், நடக்க இடமில்லாத தெரு, எல்லாம் அங்கே இருக்கிற மாதிரியே இங்கேயும் இருக்கிறது. அதனால் மாநிலத்தைப் பார்ப்பதைவிட, எந்த மாதிரி வாழ்க்கை எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

#4 தாமிரபரணித்_தம்பி

மன்னிக்கவும், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்துவிட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் போய்விட்டன. மத்தியானம் முழுக்க சீரியல். பிறகு எடை ஏறாமல் என்ன செய்யும்?

#5 எண்கணக்கு

தம்பி, 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலை செய்கிறவர்களுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்வது நியாயமா?

இயந்திரம் வந்ததால் உடம்பு வேலை குறைந்தது உண்மை. அது ஆணுக்கும் குறைந்தது. நாற்று நட இயந்திரம், அறுக்க இயந்திரம், போக பைக். ஆணுக்கு மாலையில் மைதானமோ டீக்கடை வரை ஒரு நடையோ கிடைக்கிறது. பெண்ணுக்கு வேலை ஓயவில்லை, ஆனால் மூச்சு வாங்க வைக்கிற மாதிரி வேலை மட்டும் போய்விட்டது. இந்தியாவில் போதுமான உடல் உழைப்பு இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 என்று 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த உலக சுகாதார நிறுவனக் கணக்குச் சொல்கிறது. ஓய்வு நேரமே இல்லாதவளிடம் போய் "வாக்கிங் போ" என்றால் எப்போது போவாள், எந்த வெளிச்சத்தில் போவாள்?

#6 தாமிரபரணித்_தம்பி

சரி அண்ணா, அந்த 299 எனக்குத் தெரியாது. என் அம்மாவைக் கேட்டேன். நடைப்பயிற்சிக்கு ஆசைதான், தெருநாய்க்குப் பயந்து போவதில்லை என்கிறார்.

#7 பனியன்_ஊர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் லைனில் பாதிப் பேர் இந்த வயதுப் பெண்கள்தான்.

காலையில் கம்பெனி வண்டி வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஓவர்டைம் இருக்கும் நாளில் இரவு எட்டரை. காலில் பெடல், கையில் துணி, இடுப்பு நாற்காலியைவிட்டு எழுவது கிடையாது. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் பீஸ் கணக்குக் குறையும், அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. பதினொரு மணிக்கு டீயும் பன்னும். நாலரைக்கு டீயும் பஜ்ஜியும், இல்லாவிட்டால் முட்டை பப்ஸ். வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துத் தான் சாப்பிட உட்காரும்போது பத்து மணி. அதுதான் அவர்களுக்கு நிம்மதியான ஒரே வேளைச் சாப்பாடு, வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். உடனே படுக்கை.

ராஞ்சி அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். வரும்போது குச்சி மாதிரி வருவார்கள். இரண்டு வருடத்தில் அவர்களுக்கும் சட்டை மாற்ற வேண்டியதாகிறது. கொஞ்சம் சதை போடுவது அவர்களுக்கு நல்லதும்கூட. ஆனால் சதை போட்ட பிறகும் பலருக்கு முகம் வெளுத்தேதான் இருக்கிறது, ரத்தம் ஏறுவதில்லை. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் வயிற்றை நிரப்புகிறது, வேறு எதுவும் உள்ளே போவதில்லை. தமிழ்நாட்டுக்கே அதுதான் கதை என்று நினைக்கிறேன்.

#8 எண்கணக்கு

நீங்கள் சொன்னதற்கு எண்ணும் இருக்கிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40 சதவீதம் அதிக எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்தே உள்ள பெண்கள் கணிசமாக இருக்க வாய்ப்பு உண்டு.

#9 மாயவரத்துப்_பாட்டி

எனக்கு அறுபத்தொன்று. இரண்டு மருமகள், ஒரு மகள், மூன்று பேருக்கும் பிரசவம் பார்த்தவள்.

பிரசவச் சாப்பாட்டால்தான் உடம்பு போடுகிறது என்று இப்போதெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் காலத்துப் பத்தியம் தெரியுமா? பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம், மிளகு ரசம், பிஞ்சுக் கத்தரிக்காய், கருவாடு. லேகியம் என்றால் கொட்டைப்பாக்கு அளவு, காலையில் ஒரு உருண்டை. எண்ணெயில் பொரித்தது எதுவும் கிட்டே வராது. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் நாற்பது நாள் முடிந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போய்விடுவோம்.

இப்போது என்ன நடக்கிறது? லேகியம் கடையில் பாட்டிலில் வாங்குகிறார்கள், ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுகிறார்கள். பால் ஊற வேண்டும் என்று மூன்று வேளையும் சத்து பவுடர், அதில் பாதி சர்க்கரை. பத்தியம் போரடிக்கிறது என்று பிரியாணி. பச்சை உடம்புக்காரி, நடக்காதே, குனியாதே என்று ஐந்து மாதம் தாய் வீட்டில் படுக்கை. சிசேரியன் என்றால் கேட்கவே வேண்டாம், "வயிற்றைக் கிழித்திருக்கிறது" என்று ஒரு வருடம் வரை ஒரு குடம் தூக்க விடமாட்டார்கள். பழைய ஓய்வும் புதிய சாப்பாடும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. நான் என் சின்ன மருமகளுக்குப் பத்தியம்தான் போட்டேன், அவள் என்னைத் திட்டினாள், பரவாயில்லை.

#10 இரண்டு_பிள்ளைத்_தாய்

பாட்டி எழுதியதைப் படித்து என் மாமியார் ஞாபகம் வந்தது. ஒரு சந்தேகம், யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு முதல் பிள்ளைக்குப் பிறகு கொஞ்சம்தான் ஏறியது. இரண்டாவது சிசேரியன், அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள். அப்போது 26 வயது. அதற்குப் பிறகு 54-லிருந்து 71 ஆகிவிட்டேன். எங்கள் தெருவில் எல்லாருமே ஆபரேஷன்தான் காரணம் என்கிறார்கள். அது உண்மையா? அப்படியானால் வடக்கே ஆபரேஷன் குறைவு என்பதால்தான் எடையும் குறைவா?

#11 துணைநிலைய_அக்கா

தங்கச்சி, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. இதை என்னிடம் கேட்காத பெண்ணே இல்லை.

ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் கட்டி வெட்டுகிறார்கள். கருப்பையையோ சினைப்பையையோ தொடுவதில்லை. ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். அது முன்போலவே வேலை செய்கிறது, மாதவிலக்கும் முன்போலவே வருகிறது. குழாயைக் கட்டியதால் உடம்பு போடாது.

ஆனால் உங்கள் தெரு சொல்வது ஏன் நிஜம் மாதிரித் தெரிகிறது என்றால், தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அந்த ஆபரேஷன் 25, 26 வயதில், கடைசிப் பிரசவத்தோடு சேர்ந்தே நடக்கிறது. கர்ப்பத்தில் ஏறியது, பிரசவ ஓய்வு, சிசேரியன் பயம், தூக்கமில்லாத இரவு, பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது, வேலையை விட்டது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. அந்த ஐந்தாம் சுற்று ஆய்வில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், இந்தியாவில் 21.5. ஆறு வாரம் கழித்துக் காயம் ஆறியிருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம், மெல்ல மெல்ல வயிற்றுக்குப் பயிற்சியும் செய்யலாம். அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. "வெயிட் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள், எப்போதுவரை என்று சொல்வதில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் பதிவேட்டிலிருந்தே போய்விடுகிறாள். அதுவரை மாதா மாதம் எடை, ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தோம். கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்க வேண்டும் என்று 2007-லேயே ஆணை போட்ட மாநிலம் இது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, 140 தாண்டுகிறதா என்று பார்ப்போம். தாண்டினால் விடமாட்டோம், வீட்டுக்கே போய்க் கூப்பிடுவோம். பிரசவம் ஆனதும்? ஆறாவது வாரம் திரும்ப வந்து பார் என்கிறோம். வருகிறவர்கள் கொஞ்சம் பேர். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று தெரிந்தும் விட்டுவிடுகிறோம்.

நாங்கள் பிள்ளையைத்தான் எடை போடுகிறோம். தாயை யாரும் தராசில் ஏறச் சொல்வதில்லை. அடுத்த முறை அவள் எடை எங்களுக்குத் தெரிவது அடுத்த கர்ப்பத்தில். ஆபரேஷன் ஆகியிருந்தால் நாற்பது வயதில், சர்க்கரையோடு, வேறு வரிசையில்.

#12 ராஞ்சித்_தமிழச்சி

அக்கா, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன்.

#13 வடமராட்சிப்_பிள்ளை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், என் அக்கா குடும்பநல உத்தியோகத்தர், உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் மாதிரி. இலங்கையிலும் இதே போக்குத்தான். 2016-இல் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில் கலியாணமான 15-49 வயதுப் பெண்களில் 45 சதவீதம் பேர் நிறை கூடியவர்கள். கொழும்புப் பக்கம் அதிகம், மலையகத் தோட்டங்களில் குறைவு. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களில் நிறை குறைந்தவர்கள்தான் மற்ற இடங்களைவிட அதிகம். ராஞ்சி அக்கா எழுதிய நிலைமைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலை ஏறி இறங்கி கிலோ கணக்கில் கொழுந்து எடுக்கிறார்கள், சாப்பாடு ரொட்டியும் சம்பலும்.

எங்களிடம் உள்ள ஒரு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த புதிய தம்பதிகளை குடும்பநல உத்தியோகத்தர் பதிந்துகொள்வார். பிள்ளை உண்டாவதற்கு முன்னரே உயரம், நிறை, பிஎம்ஐ பார்த்து, கூடவோ குறையவோ இருந்தால் சொல்லி, போலிக் அமிலமும் குடுக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் பெண்களுக்கென்று தனிக் கிளினிக்கும் உண்டு, அங்கே நிறை, சீனி, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். எல்லாரும் வருகினமா என்றால் இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த நேரம் சரிவராது என்று அக்கா அடிக்கடி சொல்லுவா. ஆனால் பதிவு என்று ஒன்று இருப்பதால் ஆளைத் தேடிப்போக முடிகிறது.

#14 பாலக்காட்டு_மருமகள்

கேரளாவில் என் மாமியார் வீட்டில் பிரசவ ரக்ஷை என்று தைலம் தேய்த்து, மருந்து, நெய், லேகியம் என்று நடக்கும். மாயவரத்துப் பாட்டி சொன்ன எல்லாமே இங்கேயும் அப்படியே. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: இடுப்புச் சுற்றளவு பற்றி யாரும் பேசவில்லையே? எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் இருக்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

#15 எண்கணக்கு

சரியாகச் சொன்னீர்கள். ஐந்தாம் சுற்றில்தான் முதல்முறையாக இடுப்புச் சுற்றளவையும் அளந்தார்கள். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுப் பருமன் என்று வைத்துப் பார்த்தபோது இந்தியப் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 12. கேரளாவில் 65.4, தமிழ்நாட்டில் 57.9, ஜார்க்கண்டில் 23.9. ஜார்க்கண்டில் எடை அதிகமானவர்கள் 12 சதவீதம்தான், ஆனால் வயிறு போட்டவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு. ஒல்லியான மாநிலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

#16 தாமிரபரணித்_தம்பி

அப்படியென்றால் ரேஷன் அரிசிதான் காரணமா? இலவசமாக 20 கிலோ கொடுக்கிறார்கள், மூன்று வேளையும் சோறு. சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#17 மாயவரத்துப்_பாட்டி

தம்பி, அந்த அரிசியைப் பற்றி மட்டும் அப்படிப் பேசாதே. அறுபதுகளில் ஒரு படி அரிசிக்கு என் அம்மா எங்கெல்லாம் போய் நின்றாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண். சட்டியில் ஒன்றும் இல்லாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவளும் அவள்தான். அந்த இருபது கிலோ வந்த பிறகுதான் எங்கள் தெருவில் பெண்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

#18 எண்கணக்கு

பாட்டி பக்கம்தான் நான். ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் எடை குறைந்த பெண்கள் 12.6 சதவீதம், இந்திய அளவில் 18.7. அதில் ரேஷனுக்கும் பங்கு உண்டு. அரிசியை எடுத்துவிடுவது வழியே இல்லை, கூட என்ன வருகிறது என்பதுதான் பிரச்சினை. ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பருப்பு ஒரு கிலோதான், பெரிய குடும்பத்துக்குப் பத்து நாள் வரும். முட்டை, மீன், காய், பழம் எல்லாம் காசு கொடுத்து வெளியே வாங்க வேண்டும். தக்காளி விலை ஏறினால் முதலில் குறைவது அம்மாவின் தட்டில் இருக்கும் காய்தான். அவள் வயிற்றை நிரப்பக் கூடுதலாகப் போடுவது சோறு. பருப்பை இரண்டு கிலோ ஆக்குங்கள், சிறுதானியத்தையும் எல்லா மாவட்டத்துக்கும் கொடுங்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

#19 பனியன்_ஊர்

ஆமாம். எங்கள் கேன்டீனில் நாலரை மணிக்குச் சுண்டல் போடச் சொல்லி எச்.ஆரிடம் கேட்டிருக்கிறேன். பஜ்ஜியைவிடச் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர்களுக்குக் கணக்குப் பிடித்திருக்கிறது.

#20 துணைநிலைய_அக்கா

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். என் கையில் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன், மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பார்க்கலாம்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பிள்ளைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், பிறகு ஒன்பது மாதம் முடிந்து, பிறகு ஒன்றரை வயதுவாக்கில். ஐந்து முறை அந்தத் தாய் தானாகவே என் முன்னால் வந்து உட்காருகிறாள். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், ஊசிக்கும் தவறாமல் வருகிறார்கள். வீடு தேடிப் போக வேண்டியதில்லை, கூடுதல் ஆள் வேண்டாம். தராசு அங்கேயே இருக்கிறது. பிள்ளையை எடை போட்ட கையோடு தாயையும் ஏறச் சொன்னால் ஒரு நிமிடம் ஆகும்.

பிள்ளைக்கு வளர்ச்சிக் கோடு போடுகிற அட்டையில், தாய்க்கென்று ஒரு கோடு நான் பேனாவால் போடப்போகிறேன். ரெக்கார்டில் கேட்கவில்லை என்றால் பரவாயில்லை, என் நோட்டில் இருக்கும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு அந்த ஆறாவது வார ஊசி நாளிலேயே சர்க்கரையும் பார்த்துவிடலாம், தனியாக ஒரு நாள் வரச் சொன்னால்தானே வருவதில்லை.

எடையைச் சொல்லும்போது கூட்டத்தில் சத்தமாகச் சொல்லக் கூடாது. அதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். மாமியார் முன்னால் "எழுபது" என்று கத்தினால் அடுத்த வாரம் அவள் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

#21 இரண்டு_பிள்ளைத்_தாய்

அக்கா, எதோடு ஒப்பிடுவீர்கள்? கர்ப்பத்துக்கு முன்னால் என் எடை எனக்கே சரியாகத் தெரியாது, அந்த 54 கூடக் குத்துமதிப்புதான்.

#22 துணைநிலைய_அக்கா

அட்டையை எடுத்துப் பாருங்கள் தங்கச்சி. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்திருந்தால் முதல் எடை அதில் இருக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலோருக்கு அதிகம் ஏறியிருக்காது, ஒரு கிலோ முன்னே பின்னே. அதுதான் நம் தொடக்கம். ஒன்பது மாத ஊசியின்போது அந்த எண்ணைவிட ஐந்து கிலோவுக்கு மேல் நிற்கிறது என்றால் அங்கேயே உட்கார்ந்து பேச வேண்டும்: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, தூக்கம் எப்படி, தைராய்டு பார்த்தார்களா, வீட்டில் யார் பிள்ளையை அரை மணி நேரம் வைத்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்வியைக் கணவர் கூட வந்திருந்தால் அவரிடம் கேட்பேன்.

உங்களுக்கு இப்போது 71 என்றால் நேரே 54-க்குப் போக வேண்டாம். மூன்று, நான்கு கிலோ இறங்கினாலே சர்க்கரை, அழுத்தம் இரண்டிலும் பலன் தெரியும். இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை இருந்ததா என்று எழுதுங்கள். இருந்தால் இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

#23 இரண்டு_பிள்ளைத்_தாய்

அட்டை பீரோவில் இருந்தது, எடுத்தேன். 55.5 என்று இருக்கிறது, எட்டாவது மாதத்தில் சர்க்கரை 148. அப்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையம் போகிறேன். எத்தனை மணிக்கு மேல் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

#24 துணைநிலைய_அக்கா

இரவு ஒன்பதுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் டீ, காபி குடிக்காமல் எட்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். அந்த 148 எழுதியிருக்கிற பக்கத்தைக் காட்டுங்கள், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.